டிபெண்ட் ஆன்: பிழையில்லாமல் பேசவும் எழுதவும் ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லை ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கிற காலேஜ் பிள்ளைகளிடம் எதைக் கேட்டாலும் "டிபெண்ட்ஸ்ணே" என்று ஒரு பதில் வரும். குற்றாலத்தில் தண்ணி விழுதா? டிபெண்ட்ஸ். செமஸ்டர் லீவு எப்போ? டிபெண்ட்ஸ். தமிழ்ப் பேச்சுக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்ட சொல் இது. ஆனால் அதே பிள்ளை ஒரு தாளை எடுத்து ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தால், இந்த ஒரு வினைச்சொல்லில் மட்டும் நாலு விதமாகச் சறுக்கும். பாளையங்கோட்டைப் பக்கம் டியூஷன் எடுக்கிறவன் என்ற முறையில் அந்த நாலையும் அலுக்க அலுக்கப் பார்த்தாகிவிட்டது. தவறுகள் கண்டபடி வருவதில்லை, ஒவ்வொன்றும் தமிழிலிருந்து நேராக இறங்கி வருகிறது என்பதுதான் சுவாரசியம். எந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்து எந்தத் தவறு வருகிறது என்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். முதலில் வாய்விட்டுப் படியுங்கள், அப்புறம் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். சொல்லின் எழுத்துக்கூட்டு: டி, ஈ, பி, ஈ, என், டி. அழுத்தம் இரண்டாவது அசையில், அதாவது "பெண்ட்" என்ற இடத்தில் விழ வேண்டும்.

முதலில் தவறுகள் எங்கிருந்து வருகின்றன

"எங்கள் ஊர் தாமிரபரணியை நம்பித்தான் இருக்கிறது." இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் வருகிற விடைகள் இப்படி இருக்கும்:

"மை வில்லேஜ் டிபெண்ட்ஸ் தாமிரபரணி."
"மை வில்லேஜ் இஸ் டிபெண்டிங் தாமிரபரணி."
"மை வில்லேஜ் இஸ் டிபெண்டட் ஆன் தாமிரபரணி."
"மை வில்லேஜ் இஸ் பிலீவிங் தாமிரபரணி."

நாலும் தவறு. சரியானது: "மை வில்லேஜ் டிபெண்ட்ஸ் ஆன் தி தாமிரபரணி." ஆற்றின் பெயருக்கு முன்னால் "தி" போடுவது ஆங்கில வழக்கம். அது வேறு பாடம், இருந்தாலும் எழுதும்போதே பழகிக்கொள்ளுங்கள்.

முதல் தவறைப் பாருங்கள். தமிழில் "தாமிரபரணியை" என்று ஒரு "ஐ" உருபு போதும். அந்த "ஐ" வந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. "பாலைக் குடித்தான்" என்பதற்கு "ஹி ட்ராங்க் மில்க்" என்றுதான் எழுதுகிறோம், நடுவில் எதுவும் போடுவதில்லை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் "ஆன்" விட்டுப்போகிறது.

இரண்டாவது, "நம்பி இருக்கிறது" என்பதில் உள்ள "இருக்கிறது". அதைப் பார்த்ததும் கை தானாக "இஸ்" போட்டு, வினையோடு ஐஎன்ஜி ஒட்டிவிடும். மூன்றாவது, "பொறுத்தது", "சார்ந்தது" என்கிற சொற்களின் உருவம். பார்க்க இறந்தகாலம் மாதிரி இருப்பதால் "டிபெண்டட்" வந்து, முன்னால் ஒரு "இஸ்" சேர்ந்துகொள்கிறது. நாலாவது, "நம்பு" என்றால் "பிலீவ்" என்று சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்தது.

படி ஒன்று: நம்பியா, பொறுத்தா?

ஆங்கிலத்தில் ஒரே வினை செய்கிற வேலையைத் தமிழில் மூன்று சொற்கள் பிரித்துக்கொள்கின்றன: நம்பி இருத்தல், சார்ந்து இருத்தல், பொறுத்து இருத்தல். முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலை. ஒன்று இல்லாமல் இன்னொன்றால் முடியாது, அதாவது தேவை. மூன்றாவது வேறு வேலை. ஒன்று மாறினால் இன்னொன்றும் மாறும், அதாவது தீர்மானம்.

"முக்கூடல் பக்கம் பல குடும்பங்கள் பீடித் தொழிலை நம்பி இருக்கின்றன." இது தேவை.
"மெனி ஃபேமிலீஸ் அரவுண்ட் முக்கூடல் டிபெண்ட் ஆன் பீடி ரோலிங்."

"பத்தமடைப் பாயின் விலை அதன் நெருக்கத்தைப் பொறுத்தது." இது தீர்மானம்.
"தி ப்ரைஸ் ஆஃப் எ பத்தமடை மேட் டிபெண்ட்ஸ் ஆன் இட்ஸ் ஃபைன்னெஸ்."

இரண்டிலும் வினை ஒன்றுதான். அப்படியானால் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. தேவை என்ற பொருளில் வரும்போது "டிபெண்ட் ஆன்" இருக்கிற இடத்தில் "ரிலை ஆன்" போட்டாலும் வாக்கியம் நிற்கும். "மெனி ஃபேமிலீஸ் ரிலை ஆன் பீடி ரோலிங்" சரி. ஆனால் "தி ப்ரைஸ் ரிலைஸ் ஆன் இட்ஸ் ஃபைன்னெஸ்" என்று எழுதினால் விழுந்துவிடும், விலை யாரையும் நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாமே என்று கட்டுரையில் சொல்லை மாற்றுகிற பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்னொன்று, பின்னால் வரப்போகிற "ஐஎன்ஜி போடலாமா" என்ற கேள்விக்கும் விடை இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

சில வாக்கியங்களில் இரண்டு பொருளும் சேர்ந்தே வரும். கார் சாகுபடி, அதாவது ஜூனில் தொடங்குகிற நெல் போகம், தென்மேற்குப் பருவமழையை நம்பியது என்றும் சொல்லலாம், பொறுத்தது என்றும் சொல்லலாம். அங்கே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

படி இரண்டு: யார் இடது பக்கம்?

தமிழில் "மழையைப் பொறுத்துத்தான் விளைச்சல்" என்றாலும், "விளைச்சல் மழையைப் பொறுத்தது" என்றாலும் பொருள் ஒன்றே. "ஐ" உருபு மழையோடு ஒட்டியிருக்கிறவரை மழை எங்கே நின்றாலும் குழப்பமில்லை. ஆங்கிலத்துக்கு அந்த வசதி கிடையாது. வினைக்கு இடது பக்கம் யார், வலது பக்கம் யார் என்பதுதான் அங்கே எல்லாமே. "மழையைப் பொறுத்துத்தான்" என்று தொடங்கும் வாக்கியத்தை வந்த வரிசையிலேயே மாற்றினால் "ரெயின் டிபெண்ட்ஸ் ஆன் தி ஹார்வெஸ்ட்" என்று வரும். நெல் விளைந்தால்தான் மழை பெய்யும் என்று பொருளாகிவிடும்.

இதற்கு ஒரு சின்னப் பிடி உண்டு. இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன், அங்கே அதன் பொருள் "தொங்குதல்". சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம், கழுத்துச் சங்கிலியில் ஆடுகிற பெண்டன்ட், இரண்டும் அதே வேரில் வந்தவை. ஆகவே வாக்கியம் எழுதும் முன் கேளுங்கள்: எது எதில் தொங்குகிறது? மாங்காய் கிளையில் தொங்குகிறது. மாங்காய் இடது பக்கம், கிளை வலது பக்கம். விளைச்சல் மழையில் தொங்குகிறது, ஊர் ஆற்றில் தொங்குகிறது. தொங்குகிறது எதுவோ அதை முதலில் எழுதுங்கள்.

படி மூன்று: "ஆன்" இல்லாமல் கிளம்பாதே

சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். "டிபெண்ட் ஆன்" என்று ஒரே மூச்சில் படியுங்கள். "டு", "வித்", "பை", "ஃப்ரம்", "ஆஃப்" எதுவும் இங்கே வராது. "அப்பான்" வரலாம், பொருள் அதேதான், கொஞ்சம் விறைப்பான நடை. அரசாணை, ஒப்பந்தம் மாதிரி இடங்களில் பொருந்தும். நண்பனுக்கு வாட்ஸாப்பில் "டிபெண்ட்ஸ் அப்பான்" என்று அனுப்பினால் சிரிப்பான்.

எதற்காக நம்பியிருக்கிறோம் என்று சொல்ல வேண்டுமானால் பின்னால் "ஃபார்" சேர்த்துக்கொள்ளுங்கள்:

"தூத்துக்குடி டிபெண்ட்ஸ் ஆன் தி தாமிரபரணி ஃபார் ட்ரிங்கிங் வாட்டர்."

யாரை என்பதற்கு "ஆன்", எதற்கு என்பதற்கு "ஃபார்". இந்த இரண்டையும் இடம் மாற்றிப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

"ஆன்" தொலைகிற இன்னொரு இடம் கேள்வி. "வாட் டஸ் இட் டிபெண்ட்?" என்று நிறுத்திவிடுவார்கள். கேட்கிற பொருள் முன்னால் போய்விட்டாலும் "ஆன்" கடைசியில் காவல் இருக்க வேண்டும்: "வாட் டஸ் இட் டிபெண்ட் ஆன்?" "ஹூ டூ யூ டிபெண்ட் ஆன்?" ஒரு வாக்கியத்தை "ஆன்" போன்ற சொல்லில் முடிக்கக் கூடாது என்று பழைய ஆசிரியர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களுக்காக "ஆன் வாட் டஸ் இட் டிபெண்ட்?", "ஆன் ஹூம் டூ யூ டிபெண்ட்?" என்று எழுதலாம். இரண்டும் இலக்கணப்படி சரி. பேசும்போது முதல் வகைதான் இயல்பு.

"நாங்கள் நம்பியிருக்கிற கால்வாய்" என்பது மாதிரி பெயரை விளக்கும் தொடரிலும் இதே கதை. "தி சேனல் வீ டிபெண்ட் ஆன்", அல்லது "தி சேனல் ஆன் விச் வீ டிபெண்ட்". தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் என்று வாய்க்கால்கள் பிரிகின்றன. உங்கள் ஊர் எந்தக் கால்வாய்ப் பாசனமோ அந்தப் பெயரை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: "தி கன்னடியன் சேனல் இஸ் தி ஒன் வீ டிபெண்ட் ஆன்." சொந்த ஊர்ப் பெயர் போட்டு எழுதினால் மறக்காது.

படி நான்கு: "எஸ்" ஒட்டுவதும் கழற்றுவதும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். "இட்", "ஹி", "ஷி", ஒரே ஒரு பொருள் என்றால் "டிபெண்ட்ஸ்". "ஐ", "யூ", "வீ", "தே", பன்மை என்றால் "டிபெண்ட்". "டஸ்" வந்துவிட்டால் "எஸ்" அதற்குள் போய்விடும்: "இட் டஸ் நாட் டிபெண்ட் ஆன் மணி." "டஸ் நாட் டிபெண்ட்ஸ்" என்று இரண்டு தரம் எழுத வேண்டாம். இறந்தகாலம் "டிபெண்டட் ஆன்", வருங்காலம் "வில் டிபெண்ட் ஆன்". "டிபெண்டட்" தனியாக நிற்கும், அதன் முன்னால் "இஸ்" வராது. "இஸ்" போட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால் வினையை விட்டுவிட்டு "டிபெண்டென்ட்" என்ற பெயரடையை எடுங்கள்: "இட் இஸ் டிபெண்டென்ட் ஆன் ரெயின்."

வாக்கியத்தின் எழுவாய் நீளமாகப் போகும்போதுதான் "எஸ்" தடுக்கும். "தி லைவ்லிஹுட் ஆஃப் பாம் க்ளைம்பர்ஸ்" என்று எழுதிவிட்டு, பக்கத்தில் "க்ளைம்பர்ஸ்" பன்மையாக இருப்பதைப் பார்த்து "டிபெண்ட்" போடுவார்கள். தொங்குவது பிழைப்பு, பனையேறிகள் இல்லை. ஆகவே "டிபெண்ட்ஸ்".

படி ஐந்து: ஐஎன்ஜி எப்போது?

"தி ப்ரைஸ் இஸ் டிபெண்டிங் ஆன் தி சீசன்." இது தவறு. தீர்மானம் என்ற பொருளில் இந்த வினை ஒரு நிலையைச் சொல்கிறது, நடந்துகொண்டிருக்கிற செயலைச் சொல்வதில்லை. ஆகவே ஐஎன்ஜி வராது.

ஆனால் "ஐஎன்ஜி போடவே கூடாது" என்று சில கைடு புத்தகங்களில் இருப்பதும் முழு உண்மை இல்லை. தேவை என்ற பொருளில், இப்போதைக்கு மட்டும், இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் என்று வந்தால் தாராளமாகப் போடலாம். கல்யாண வீட்டில் பந்தி பொறுப்பை ஒருவரிடம் விட்டுவிட்டு, "அண்ணாச்சி, ஒங்களத்தான் நம்பி இருக்கேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்கிறோமே, அதற்கு "ஐ ஆம் டிபெண்டிங் ஆன் யூ" மிகப் பொருத்தம். "ஐ டிபெண்ட் ஆன் யூ" என்றால் வாழ்க்கை முழுக்க அவரைத்தான் நம்பியிருக்கிறோம் என்றாகிவிடும், அண்ணாச்சி பயந்துபோவார். அதேபோல கோடையில் கிணறு வற்றிப்போய் லாரித் தண்ணியில் ஓட்டுகிற தெருவுக்கு: "திஸ் சம்மர் வீ ஆர் டிபெண்டிங் ஆன் டேங்கர் லாரீஸ்." இந்தக் கோடைக்கு மட்டும் என்பதால் சரி.

படி ஆறு: "ஆன்"னுக்குப் பின்னால் என்ன வரலாம்?

தடுமாற்றம் அதிகம் இங்கேதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெயர்ச்சொல் வரலாம், பிரச்சினையில்லை. ஐஎன்ஜி சேர்ந்த வினை வரலாம்: "மை ப்ளான் டிபெண்ட்ஸ் ஆன் கெட்டிங் தி லோன்." லோன் கிடைப்பதைப் பொறுத்து என்று பொருள். "டிபெண்ட்ஸ் ஆன் டு கெட்" என்று எழுதக் கூடாது. "ஆன் தட்" என்றும் தொடரக் கூடாது, அந்த இடத்தில் "ஆன் தி ஃபேக்ட் தட்" வேண்டும்.

அடுத்தது, முழு வாக்கியமே "ஆன்"னுக்குப் பின்னால் வருவது. நம்மூரில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஜூன் மாதம் வந்துவிட்டால் அம்பாசமுத்திரத்திலிருந்து கீழே வரை ஒரே பேச்சுத்தான்: கார் சாகுபடிக்குத் தண்ணி திறப்பார்களா மாட்டார்களா. பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. காலையில் பேப்பரில் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம். "எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது" என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் எழுதுவது:

"இட் டிபெண்ட்ஸ் ஆன் ஹவ் மச் வாட்டர் இஸ் தேர் இன் தி டேம்."

சரியானது: "இட் டிபெண்ட்ஸ் ஆன் ஹவ் மச் வாட்டர் தேர் இஸ் இன் தி டேம்."

வித்தியாசம் "இஸ் தேர்", "தேர் இஸ்" மட்டும்தான். ஒரு பிள்ளை எழுந்து கேட்டது: "சார், 'ஹவ் மச்'னு கேள்வி மாதிரிதான இருக்கு, பொறவு ஏன் கேள்வி மாதிரி எழுதக் கூடாதுங்கிய?" கேட்க வேண்டிய கேள்விதான். "இதுல கேள்விக்குறி எங்க இருக்கு, காட்டு பாப்போம்" என்றேன். தாளை உற்றுப் பார்த்துவிட்டு, "இல்ல சார்" என்று தானே அடித்துத் திருத்திக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம். கேள்விச் சொல் இருக்கிறது, ஆனால் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆகவே எழுவாய் முன்னால், வினை பின்னால் என்ற சாதாரண வரிசை. "ஆன் வேர் இஸ் தி ஷாப்" தவறு, "ஆன் வேர் தி ஷாப் இஸ்" சரி. "ஆன் வென் டஸ் தி பஸ் கம்" தவறு, "ஆன் வென் தி பஸ் கம்ஸ்" சரி. "டூ", "டஸ்", "டிட்" மூன்றும் இந்த இடத்தில் காணாமல் போய்விடும்.

"திறப்பார்களா மாட்டார்களா என்பதைப் பொறுத்து" என்று இரண்டில் ஒன்று என்று வந்தால் "வெதர்" போடுங்கள்: "தி கார் க்ராப் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் தி டேம் இஸ் ஓப்பன்ட் இன் ஜூன்." வானிலைக்கான சொல்லும் இதுவும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். எழுதும்போது எழுத்துக்கூட்டு மாறிவிட்டால் வானிலையைப் பொறுத்தது என்றாகி, வேடிக்கை என்னவென்றால், பொருளும் ஓரளவு ஒத்துவரும். ஆனால் மார்க் போகும். இங்கே வேண்டியது டபிள்யூவுக்கு அடுத்து எச் வருகிற "வெதர்".

"இஃப் போட்டால் என்ன?" என்று கேட்பார்கள். "இட் டிபெண்ட்ஸ் இஃப் இட் ரெயின்ஸ்" என்று ஆங்கிலேயர்களே பேசுவார்கள். அதுபோல "இட் டிபெண்ட்ஸ் ஹவ் மச் யூ பே" என்று கேள்விச் சொல்லுக்கு முன்னால் "ஆன்"னை விழுங்குவதும் பேச்சில் சாதாரணம். காதில் விழுந்தால் தவறு என்று சண்டைக்குப் போக வேண்டாம். தேர்வுத் தாளிலும் வேலைக்கான மெயிலிலும் மட்டும் "ஆன் வெதர்", "ஆன் ஹவ் மச்" என்று முழுசாக எழுதுங்கள்.

ஒருவர் ஒரு காரியத்தைச் செய்வார் என்று நம்பியிருப்பது இன்னொரு வகை. ஆள் முதலில், காரியம் "டு"வோடு பின்னால்: "யூ கேன் டிபெண்ட் ஆன் ஹெர் டு ஃபினிஷ் தி வொர்க்." இதைக் கேலிக்கும் பயன்படுத்தலாம். எப்போதும் லேட்டாக வருகிற நண்பனைப் பற்றி "யூ கேன் டிபெண்ட் ஆன் ஹிம் டு பி லேட்" என்றால், அந்த ஒரு விஷயத்தில் அவனை முழுசாக நம்பலாம் என்று பொருள்.

எவ்வளவு தூரம்? அதைச் சொல்லும் சொற்கள்

முழுக்க நம்பியா, ஓரளவா என்பதைக் காட்ட நம் பிள்ளைகள் "ஃபுல்லி" ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். தவறில்லை, ஆனால் இந்த வினையோடு ஒட்டிப் பழகிய சொற்கள் வேறு: "என்டயர்லி", "ஹெவிலி", "லார்ஜ்லி", "மெய்ன்லி", "பார்ட்லி". இவை வினைக்கும் "ஆன்"னுக்கும் நடுவில் உட்காரும். ராதாபுரம் பக்கத்து மானாவாரி விவசாயிக்கு வாய்க்கால் கிடையாது, வானம்தான்: "ட்ரைலேண்ட் ஃபார்மர்ஸ் டிபெண்ட் என்டயர்லி ஆன் ரெயின்." வடகிழக்குப் பருவமழையோடு அணைத் தண்ணியும் கைகொடுக்கிற பிசான நெல் போகத்துக்கு: "தி பிசானம் க்ராப் டிபெண்ட்ஸ் பார்ட்லி ஆன் தி டேம்ஸ்."

படி ஏழு: இந்தச் சொல்லின் குடும்பம்

"டிபெண்டென்ட் ஆன்" என்பது பெயரடை, முன்னால் "இஸ்" அல்லது "ஆர்" வேண்டும். எதிர்ச்சொல் "இண்டிபெண்டென்ட்". அதற்குப் பின்னால் "ஆன்" வராது, "ஆஃப்" வரும். அணை நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் வீட்டு வரி ஒரே வரிதான்: "தி ஹவுஸ் டாக்ஸ் இஸ் இண்டிபெண்டென்ட் ஆஃப் தி ரெயின்." ஒரு நாடு இன்னொரு நாட்டிடமிருந்து விடுதலை பெற்றதைச் சொல்லும்போது மட்டும் "ஃப்ரம்" போடுவது வழக்கம்: "இந்தியா பிகேம் இண்டிபெண்டென்ட் ஃப்ரம் பிரிட்டன் இன் 1947."

விண்ணப்பப் படிவங்களில் குடும்பத்தில் நம்மை நம்பி இருப்பவர்களின் விவரம் கேட்கும் கட்டம் இருக்கும். அங்கே வருகிற "டிபெண்டென்ட்" பெயர்ச்சொல். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டில் அதன் கடைசி உயிரெழுத்து ஏ, அமெரிக்க எழுத்துக்கூட்டில் ஈ. பெயரடைக்கு எல்லா இடத்திலும் ஈ தான். நம்மூர்ப் படிவங்களில் இரண்டும் கலந்து கிடக்கும், படிவத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிவிட்டுப் போங்கள்.

நம்பகமானவர் என்பதற்கு "டிபெண்டபிள்". "டிபெண்டிங் ஆன்" வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்து "பொறுத்து" என்ற வேலையை அப்படியே செய்யும்: "டிபெண்டிங் ஆன் தி ரெயின், தி ஃபால்ஸ் மே ஓப்பன் டுமாரோ." மழையைப் பொறுத்து நாளை அருவியில் குளிக்க விடலாம். "பொறுத்து" என்று தமிழில் தொடங்குகிற வாக்கியத்தை வரிசை மாற்றாமல் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் இதுதான் வழி.

இந்தச் சொல் பொருந்தாத இடங்கள்

தமிழில் நம்பி, சார்ந்து, பொறுத்து என்று இருக்கிற இடமெல்லாம் "டிபெண்ட்" ஆகாது. முக்கியமானது "என்னைப் பொறுத்தவரை". நேர்முகத் தேர்வில் "டிபெண்டிங் ஆன் மீ" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் விழிப்பார். அதற்கு "இன் மை ஒப்பீனியன்", அல்லது "அஸ் ஃபார் அஸ் ஐ ஆம் கன்சர்ன்ட்".

"நீ சொல்வதை நம்புகிறேன்" என்றால் "ஐ பிலீவ் யூ", "உன்மேல் நம்பிக்கை இருக்கிறது" என்றால் "ஐ ட்ரஸ்ட் யூ". "உன்னை நம்பித்தான் இருக்கிறேன்" என்று வரும்போதுதான் "டிபெண்ட்". "அவர் நெல்லையைச் சார்ந்தவர்" என்று மேடையில் சொல்கிறோம். சேர்ந்தவர் என்பதே சரியான வழக்கு, போகட்டும். அதைப் பார்த்து "ஹி டிபெண்ட்ஸ் ஆன் திருநெல்வேலி" என்று ஒருவர் வரவேற்புரை எழுதிக்கொண்டு வந்தார். "ஹி இஸ் ஃப்ரம் திருநெல்வேலி", முடிந்தது.

"முடிவு உன் கையில்தான்" என்பதற்கு "இட் டிபெண்ட்ஸ் ஆன் யூ" சொல்லலாம். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமையை முழுசாக அவரிடமே விடுகிறோம் என்றால் "இட்ஸ் அப் டு யூ" இன்னும் பொருத்தம். கால் கிலோ அல்வாவா அரைக் கிலோவா என்று கேட்டு, எவ்வளவு வேண்டுமோ வாங்கிக்கொள் என்று விடும்போது "அப் டு யூ". நீ எவ்வளவு உழைக்கிறாயோ அதில்தான் மார்க் இருக்கிறது என்னும்போது "டிபெண்ட்ஸ் ஆன் யூ".

வெறும் "இட் டிபெண்ட்ஸ்"

பதிலாகச் சொல்லும்போது "ஆன்" இல்லாமல் இது தனியாக நிற்கும். "இட் டிபெண்ட்ஸ்", "தட் டிபெண்ட்ஸ்", "இட் ஆல் டிபெண்ட்ஸ்" மூன்றும் சரி. "தட்" என்றால் நீ இப்போது கேட்டாயே அந்தக் கேள்வி என்று சுட்டுகிற தொனி. தமிழ்ப் பழக்கத்தில் "டிபெண்ட்ஸ்" என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்துவதை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூவில் அதோடு நிறுத்தினால் பதில் தெரியாமல் நழுவுகிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எதைப் பொறுத்து என்பதை உடனே சேருங்கள். "வுட் யூ வொர்க் இன் சென்னை?" என்று கேட்டால், "தட் டிபெண்ட்ஸ் ஆன் தி ரோல். இஃப் இட் இஸ் எ டிசைன் ஜாப், யெஸ்."

எழுதிப் பாருங்கள்

கீழே விடையும் இருக்கிறது. விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களே எழுதுங்கள்.

"அல்வாவின் ருசி தாமிரபரணித் தண்ணியில்தான் இருக்கிறது என்பார்கள்." இதில் நம்பியும் இல்லை, பொறுத்தும் இல்லை, ஆனாலும் இது தீர்மானப் பொருள்தான்: "பீப்பிள் சே தி டேஸ்ட் ஆஃப் திருநெல்வேலி அல்வா டிபெண்ட்ஸ் ஆன் தி வாட்டர் ஆஃப் தி தாமிரபரணி."

"யாரை நம்பி இந்தக் கடையைத் தொடங்கினாய்?" இறந்தகாலக் கேள்வி. "டிட்" வரும், வினை வெறுமையாகும், "ஆன்" தன் இடத்தில் நிற்கும்: "ஹூ டிட் யூ டிபெண்ட் ஆன் வென் யூ ஸ்டார்டட் திஸ் ஷாப்?"

"கூந்தன்குளத்துக்கு எவ்வளவு பறவைகள் வரும் என்பது குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது." இதில் இரண்டு பக்கமும் முழு வாக்கியம். இடது பக்கத்திலும் கேள்வி வரிசை கூடாது: "ஹவ் மெனி பேர்ட்ஸ் கம் டு கூந்தன்குளம் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் தேர் இஸ் வாட்டர் இன் தி டேங்க்." "பேர்ட்ஸ்" பன்மையாக இருந்தாலும் "டிபெண்ட்ஸ்" என்று "எஸ்" ஏன் வந்தது என்று யோசியுங்கள். தொங்குவது பறவைகள் இல்லை, எத்தனை வரும் என்ற அந்த ஒரு விஷயம்.

"காற்றாலை தரும் மின்சாரம் காற்றின் வேகத்தைப் பொறுத்தது." கயத்தாறு பக்கம் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்தே சொல்லிப் பார்க்கலாம்: "தி பவர் ஃப்ரம் எ விண்ட்மில் டிபெண்ட்ஸ் ஹெவிலி ஆன் தி ஸ்பீட் ஆஃப் தி விண்ட்." "ஹெவிலி" சும்மா போட்டதில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அந்தக் காற்றில் உள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். பிசிக்ஸ் விடைத்தாளில் எழுதுகிறவர்கள் இங்கே "ரிலைஸ் ஆன்" போட்டுவிடாதீர்கள்.